விலைக்கு நிற்கும் பியூக்கும் கடுதாசி தின்னும் மானும்

தலையைக் கொஞ்சம் குனியுங்கள். தகரப் படலையின் மேற்கம்பி தாழ்வு. திருகோணமலை உட்துறைமுக வீதியில் போகிறவர்கள் கடற்பக்கம் பார்த்தபடியே போய்விடுகிறார்கள். இந்தப் படலைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. என்னை உள்ளே விட்டது ஒரே நிபந்தனையில்தான்: கராஜின் பெயரும் கார்க்காரரின் பெயரும் எழுத்தில் வரக்கூடாது. காரைப் பற்றி எவ்வளவும் எழுதலாம். நான் உடனே தலையாட்டிவிட்டேன். ஆட்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை, இப்படி ஒரு கார் எங்கே கிடைக்கும்?

உள்ளே நிற்பது 1938ஆம் ஆண்டு பியூக் ஸ்பெஷல். நான்கு கதவு. ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வாங்கும் ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பெயின்ற் காய வேண்டும், சீற் தைத்து முடிய வேண்டும், இடப்பக்கப் பின்கதவு மூடினால் மூட வேண்டும், திறந்தால் திறக்க வேண்டும். இப்போதைக்கு அது இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது.

கண்ணாடிகள் முழுக்கப் பழைய வீரகேசரி ஒட்டியிருக்கிறது. பம்பர் கழற்றிச் சுவரோடு சாத்தியிருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்து முழுக்குக்கு இருத்திய பிள்ளை மாதிரி முற்றத்து நடுவில் அசையாமல் நிற்கிறது கார். ஆனாலும் அந்த முகம்! குறுக்குக் கம்பி வரிசையாகப் பளபளக்கும் மூக்கு, அதன் இரண்டு பக்கமும் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் நீண்ட விளக்குகள், நடுவில் கம்பி வைத்துப் பிரித்த முன்கண்ணாடி. ஏறுவதற்குக் கதவோரம் நீளமான மிதிபலகை. அதில் இப்போது நான்கு தேத்தண்ணிக் கோப்பையும் ஒரு சுத்தியலும் ஏறியிருக்கின்றன.

இந்த வண்டிக்குப் பெயர் கொடுத்த டேவிட் டன்பார் பியூக்கின் கதை தெரியுமா? ஸ்கொட்லாந்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாக அமெரிக்கா போனவர். வார்ப்பிரும்புக் குளியல் தொட்டிக்கு வெள்ளை எனாமல் ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்துக் காசு சேர்த்தவர். சும்மா இருந்திருந்தால் தொட்டி விற்றே செத்திருக்கலாம். இயந்திரப் பைத்தியம் பிடித்து 1903இல் கார்க் கம்பனி தொடங்கினார். கொஞ்சக் காலத்தில் கம்பனி அவர் கையை விட்டுப் போனது. 1929இல் கையில் காசில்லாமல் இறந்தார். உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கார்களில் அவர் பெயர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நான் இதைச் சொன்னதும் டிங்கர் வேலை செய்யும் கிண்ணியா நானா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப தொட்டியோட நிண்டிருக்கலாமே மனுசன்” என்றார். பிறகு மட்கார்ட்டை ஒரு தட்டுத் தட்டி, “நிண்டிருந்தா எனக்கு இந்த வேலை இல்லை” என்று தானே திருத்திக்கொண்டார்.

நானாவின் எதிரி கறள். துறைமுகக் காற்று உப்பைக் கொண்டுவந்து இரும்பில் தடவிவிட்டுப் போகும். அதைத் தினமும் தடவும். முன் மட்கார்ட்டின் உட்பக்கத்தை விரலால் குத்திக் காட்டினார். விரல் மறுபக்கம் வந்தது. பழைய தகரத்தை வெட்டி எடுத்து, எண்ணெய் பரலில் வெட்டிய தகடு வைத்து, தட்டித் தட்டி வளைவு எடுக்கிறார். அளவுகோல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் வலப்பக்க மட்கார்ட்டை ஒருமுறை தடவுவார், இடப்பக்கத்தை ஒருமுறை தடவுவார், பிறகு ஒரே ஒரு தட்டு. “கண் பொய் சொல்லும் தம்பி, கை சொல்லாது.” நானும் தடவிப் பார்த்தேன். எனக்குக் கை ஒன்றும் சொல்லவில்லை, சூடுதான் தெரிந்தது.

பெயின்ற்காரர் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவர். எல்லாருக்கும் அவர் “பாஸ்”. தமிழை நல்ல வேகமாகக் கதைப்பார். கோபம் வந்தால் இன்னும் வேகம். இன்று கோபம். கார்க்காரர் தந்த வெள்ளை கேட்கிறார், கலியாண வாடகைக்கு அதுதான் எடுபடுமாம். பாஸுக்குக் கறுப்புத்தான் அடிக்க வேண்டும். இந்தச் சண்டையில் நானா வெள்ளைக் கட்சி. ஏன் என்று காதுக்குள் சொன்னது பெயின்ற் கலக்கும் பொடியன்: கறுப்பு அடித்தால் தகரத்தின் ஒவ்வொரு நெளிவும் வெளியே தெரியும், நானாவின் மானம் போகும், வெள்ளை அடித்தால் நெளிவு மறையும், ஆனால் பாஸின் மினுக்கம் யார் கண்ணிலும் படாது. கடைசியில் வெள்ளை வென்றது. பாஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “மிதிபலகையாவது கறுப்பு” என்றார். அதை யாரும் மறுக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் கறுப்புத்தான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

பெயின்ற் அடிப்பது விடியமுன்னம். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் தூசியும் சூடும் ஈரப் பெயின்ற்றில் வந்து குந்தும். அதனால் இருட்டோடு வந்து, நிலம் முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, சாரத்தை மடித்துக் கட்டி, மூக்குக்குத் துணி சுற்றி, பாஸ் ஒருவர் மட்டும் உள்ளே போவார். அப்போது யாரும் நடக்கக்கூடாது, தும்மக்கூடாது, படலையைத் திறக்கக்கூடாது.

இந்தச் சட்டமெல்லாம் மனிதருக்கு. திருகோணமலை மானுக்கு எந்தப் படலையும் பொருட்டில்லை என்பது வெளியூர் வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கடைத்தெரு வரைக்கும் உலாவும். கடுதாசி, வாழைப்பழத் தோல், கடலைச் சுருள், எல்லாம் சாப்பிடும். ஒன்று வேலி இடுக்கால் நுழைந்து, பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த வீரகேசரியை ஓரத்திலிருந்து உரித்துத் தின்னத் தொடங்கியது. பெயின்ற் காயாத நேரம். கத்தினால் அது பாயும், பாய்ந்தால் கதவு கீறும். அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். விளையாட்டுப் பக்கம் முழுவதையும் மென்று முடித்துவிட்டு அது தானாகவே போனது. பாஸின் நெற்றியில் வழிந்த வியர்வையை ஒரு கோப்பையில் பிடித்திருக்கலாம்.

இனி ரகசியத்துக்கு வருவோம். பொனட்டைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே பியூக் இயந்திரம் இல்லை! இசுசு எல்ஃப் லொறியின் நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அந்த நீளமான பொனட்டுக்குள் முன்னால் ஓரிடம் வெறுமையாகவே கிடக்கிறது. பொடியன்கள் அதில் ஸ்பானர் சுற்றிய துணி வைத்திருக்கிறார்கள். அசல் இயந்திரம் மூலையில், தறப்பாளுக்குக் கீழே. எட்டுச் சிலிண்டரும் ஒரே வரிசை, 4.1 லீற்றர், 107 குதிரைவலு. அந்தக் காலத்தில் ஓடும்போது சத்தமே கேட்காது என்று பேர் எடுத்தது. குடிப்பது மட்டும் ஊருக்கே கேட்கும்.

இதைச் செய்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட மெக்கானிக். அறுபது தாண்டியவர், கராஜில் எல்லாருக்கும் “அண்ணை”. 1990களின் பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் தொழில் படித்தவர். ஏ-40, சோமசெற், கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அது. நாலு சொட்டுப் பெற்றோலைக் காபுரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இயந்திரம் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, உள்ளே இருமும் பயணிகள். மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைத் தங்கத்தைப் போலப் பார்த்ததாகச் சொன்னார். “அந்தக் காலம் எங்களுக்கு ஒரு பாடம்தான் தந்தது. எது கிடைக்குதோ அதில ஓடவேணும்.”

அவர் கணக்குப் பிழையில்லை. 2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். எட்டுச் சிலிண்டர் பியூக் அதைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்திருக்கும். டீசல் போட்டது சரியா என்று கொழும்புப் பழங்கார் ஆட்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு அசல் முக்கியம். எனக்கும் அந்த எட்டுச் சிலிண்டர் ஓசையை ஒருதரம் கேட்க ஆசைதான். ஆனால் அசலாக இருந்த எத்தனையோ கார்கள் இந்தக் கரையோரத்தில் மரத்தடியில் நின்று மண்ணாகிவிட்டன. இது மட்டும்தான் ஓடுகிறது. என் வாக்கு அண்ணைக்கு.

அண்ணைக்கும் ஒரு கிறுக்கு உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தக் காலத்துப் பியூக்கில் ஸ்டார்ட் பண்ணத் தனிப் பொத்தான் கிடையாது. திறப்பைப் போட்டுவிட்டு அக்ஸிலரேற்றரை மிதித்தால் இயந்திரம் எழும்பும். அதற்கான சுவிட்ச் காபுரேட்டரோடு இருந்தது. டீசலுக்குக் காபுரேட்டரே இல்லை. அப்படியிருந்தும் அண்ணை மிதியடியின் கீழே வேறொரு சுவிட்ச் வைத்து, வயர் இழுத்து, லொறி இயந்திரமும் கால் மிதியிலேயே எழும்பும்படி செய்திருக்கிறார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். “பியூக் எண்டா கால் வச்சால் எழும்பவேணும்” என்றார். அதற்குமேல் விளக்கம் கிடைக்கவில்லை.

மற்ற மாற்றங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆறு வோல்ற் மின்சாரம் பன்னிரண்டாகிவிட்டது. பிரேக் ஜப்பான் வானுடையது. பழைய வானொலிப் பெட்டியின் முகம் அப்படியே இருக்கிறது, உள்ளே கைப்பேசியிலிருந்து பாட்டு வருகிறது. ஏசி காற்று எங்கிருந்து வருகிறது என்று நான் தேடித் தேடிக் களைத்தேன், முன்சீற்றின் அடியிலிருந்து. டாஷ்போர்ட் இரும்புதான், அதன்மேல் மரம் என்று நம்பும்படி ரேகை வரைவது அமெரிக்கக்காரர் வழக்கம். அந்த ரேகை அழிந்த இடங்களில் பாஸ் கோழியிறகால் புதிதாக வரைந்திருக்கிறார். இங்கே ஒரு முடிச்சு, அங்கே ஒரு வளையம் என்று மனம்போன மரம். ஓரிடத்தில் கண் வைத்துப் பார்த்தால் யானை தெரிகிறது. வேண்டுமென்றே வைத்ததுதானா என்று கேட்டதற்கு பாஸ் முதன்முறையாகச் சிரித்தார்.

பக்கத்து வளவில் ரவிக்கை தைக்கும் அக்காதான் சீற் தைக்கிறார். ரெக்ஸீன் தடிப்பு, ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது. விறாந்தை முழுக்க வைன் நிறத் துண்டுகள். நடுவில் ஒரு கலியாண வீட்டின் ஆறு ரவிக்கைகள் கொக்கி வைக்காமல் காத்திருக்கின்றன. பொம்பிளை வீட்டார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்களாம். “அந்தப் பிள்ளை இந்தக் காரிலதான் போகப்போறாளோ என்னவோ, கொஞ்சம் பொறுக்கட்டுமன்” என்கிறார் அக்கா. பின்கண்ணாடிக்கு மிஞ்சிய சேலைக் கரையில் குட்டித் திரைச்சீலை தைத்திருக்கிறார். யாரும் கேட்காமல் தைத்தது. பழைய சீற்றைப் பிரித்தபோது தும்புக்குள்ளிருந்து விழுந்ததையெல்லாம் ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்திருந்தார்: கொண்டை ஊசிகள், ஒரு பளிங்கு, சட்டைப் பொத்தான், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு சதம். பேணியும் காரோடு விலைக்குப் போகிறது.

விளம்பரம் எழுதுவது கார்க்காரரின் மருமகன், கணினி படித்த பொடியன். மிதிபலகையில் குந்தியிருந்து முதல் வரியைச் சத்தமாக வாசித்தார்: “பிரித்தானிய அட்மிரல் ஓட்டிய கார்.”

பொனட்டுக்குள் தலையை விட்டிருந்த அண்ணை வெளியே எடுக்காமலே கேட்டார்: “காரை அட்மிரல் ஓடினா, கப்பலை ஆர் ஓடினது?”

விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பழைய காரிலும் ஒரு பெரிய மனிதர் ஏறித்தான் இருப்பார். துறைமுக ஊர் என்றால் அட்மிரல், மலைநாடு என்றால் துரை. கொழும்பு கோல்ஃபேஸ் ஹோட்டலில் ஒரு 1935 ஸ்டாண்டர்ட் நைன் நிற்கிறது. பின்னாளில் எலிசபெத் மகாராணியைக் கட்டிய பிலிப், 1940இல் இளம் கடற்படைக்காரனாக இலங்கையில் இருந்தபோது வாங்கியது. அது ஊரறிந்த கதை. அட்மிரல் மவுண்ட்பேட்டன் 1944இல் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்ததும் வரலாறு. நம் பியூக்குக்கு அப்படி ஒரு கடுதாசியும் இல்லை. வலப்பக்க ஸ்டியரிங், நீளமான சேஸி இலக்கம், இவ்வளவுதான். 1932 ஒட்டாவா உடன்படிக்கைக்குப் பிறகு பேரரசுக்குள் செய்த சாமானுக்குத் தீர்வை குறைவு என்பதால், அமெரிக்கக் கம்பனிகள் கனடாத் தொழிற்சாலைகளில் பூட்டி இந்தப் பக்கமெல்லாம் அனுப்பிய காலம் அது. எட்டாம் எட்வேர்ட் மன்னரே 1936இல் ஒரு கனடாப் பியூக் வைத்திருந்தார். மன்னருக்குப் பிடித்த கார் என்று எழுதிக்கொள், அட்மிரலை விடு என்றேன். மருமகன் யோசித்துவிட்டு இரண்டையும் எழுதினார். அண்ணை ஒன்றை வெட்டினார்.

இலக்கத் தகடு மட்டும் எந்த விளம்பரத்தையும் விடப் பேசும். 1950களின் கடைசியில் வந்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக்கு முந்தியது அது. அந்த எழுத்தால் இந்த ஊர் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. இன்று நாம் பெயின்ற் வாசத்தில் நிற்கிறோம்.

படம் எடுக்கும் நேரம். பின்னணியில் கடல் வேண்டும், மலை வேண்டும், மின்கம்பம் வேண்டாம், பழைய லொறி வேண்டாம். இந்த வீதியில் அப்படி ஒரு துண்டு கண்டுபிடிப்பதற்குள் எல்லாரும் நனைந்துவிட்டோம். பொனட் காயாததால் இயந்திரம் போடக்கூடாது என்று பாஸ் உத்தரவு. தள்ளினோம். ஏறக்குறைய 1,600 கிலோ அமெரிக்க இரும்பை நானா, அண்ணை, மருமகன், இரண்டு பொடியன்கள், கூடவே நான். நாங்கள் பின்னால் இருந்து தள்ள, முன்னால் பாஸ் நின்று “கை படாமல், கை படாமல்” என்று கத்துகிறார். எங்கே பிடித்துத் தள்ளுவது? வீதியில் போன ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, “படகு தள்ளவும் ஆள் வேணுமெண்டால் வாடிக்கு வாங்கோ, காசு தருவம்” என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழ்நாட்டில் இந்தச் சாதி வண்டிக்கெல்லாம் படகுக் கார் என்றே பேர். அவருக்கு அது தெரிந்திருக்குமோ தெரியாது.

படத்தில் தெரிவது தந்த வெள்ளைக் கார், பின்னால் நீலத் துறைமுகம், மேகம். அந்த மின்னும் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்து, கதவு தானாகத் திறக்காமல் கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் பொடியன் தெரியமாட்டான்.

வெயில் தாழ்ந்ததும் பாஸ் விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணை ஏறி உட்கார்ந்தார், திறப்பைப் போட்டார், டீசல் ஹீற்றர் சிவக்கும்வரை எல்லாரும் சத்தமில்லாமல் நின்றோம். டாஷ்போர்டில் ஒட்டிய சின்னப் பிள்ளையாரைத் தொட்டுவிட்டு அக்ஸிலரேற்றரை மிதித்தார். கால் வைத்தது, எழும்பியது! லொறிச் சத்தம்தான். மன்னர் வீட்டு முகத்திலிருந்து எல்ஃப் லொறியின் குரல் வந்தது. பொடியன்கள் விசிலடித்தார்கள். அக்கா கையில் ரவிக்கையோடு வேலிக்கு ஓடிவந்தார். நான்கு சில்லுக்கும் சுருள் வில் போடத் தொடங்கியது பியூக் இந்த 1938 மாடலில்தான். வீதியின் பள்ளங்களில் அது ஏறி இறங்கும்போது பின்சீற்றில் எனக்கு நித்திரையே வந்துவிடும் போலிருந்தது. உவர்மலை ஏற்றத்தில் அண்ணை தரைக் கியரை இரண்டாவதுக்கு இழுத்தார், முக்காமல் ஏறியது. இறக்கத்தில் ஜப்பான் பிரேக் தன் சம்பளத்துக்கு வேலை காட்டியது. இடப்பக்கப் பின்கதவு மட்டும் கயிற்றில்தான் வந்தது.

விலையா? விளம்பரத்தில் அந்த இடம் வெறுமை. கேட்டால் கார்க்காரர் வானத்தைப் பார்க்கிறார். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிட்டது. இறக்குமதிக்கு வயது வரம்பும் இருப்பதால் இந்த வயதுக் கார் இனிக் கப்பலில் இறங்கப் போவதும் இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: சேஸி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரம் மாற்றியதும் டீசலானதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். தறப்பாளுக்குக் கீழே கிடக்கும் எட்டுச் சிலிண்டரையும் சேர்த்தே பேசுங்கள். அதைத் தனியாக விட்டால் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விடுவார். கதவுப் பூட்டுக்கு விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், குறைப்பார்கள். அந்த மிதியடிச் சுவிட்சை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.